பீரங்கிக்கும் கொசுறு

எங்கள் தெருவில் காற்றின் விலை, சக்கரத்துக்கு இரண்டு காசு. பஞ்சர் கடைக்காரர் அட்டையில் எழுதியே தொங்கவிட்டிருக்கிறார். அதைப் படித்த அன்றே என் தம்பி சொந்தமாக ஒரு கைப்பம்பு வாங்கிவிட்டான். காற்றுக்குப் போய்க் காசு கொடுப்பதை அவனால் தாங்க முடியவில்லை. என் அண்ணன் அந்த இரண்டு காசையும் கொடுத்து, பஞ்சர் கடைக்காரருக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். இவர்கள் இருவரும் சேர்ந்து நடத்திய பைப்புக் கடையில் கல்லா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான்.

காற்றை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. வியாபாரக் குடும்பத்தில் விலை உள்ள பொருளை மட்டும்தான் எண்ணுவோம். விலை இல்லாதது எதிரில் நின்றாலும் கண்ணில் படாது.

கடை ஒரு நீள அறை. முன்பக்கம் பெரிய சாலை, இரும்பு ஷட்டர். பின்பக்கம் இரட்டைக் கதவு, அதைத் தாண்டி ஒரு முற்றம், முற்றத்துக்கு அப்பால் குப்பை வண்டி மட்டும் நுழையும் சந்து. இரு பக்கச் சுவரிலும் பைப்புகள், மெலிந்ததிலிருந்து தடித்ததுவரை வரிசையாக. கூடைகளில் வளைவுக்கு எல்போ, இணைப்புக்குக் கப்ளிங், முனைக்கு மூடி. எப்போதும் ஒட்டுப்பசையின் வாசம். என் மேசை சரியாக நடுவில். அங்கிருந்து பார்த்தால் இரண்டு வாசலும் தெரியும், இரண்டு பேரும் தெரிவார்கள்.

அண்ணன் பைப்பு அறுப்பதைப் பார்க்கவேண்டும். கேட்ட நீளத்துக்கு அளவு வைப்பார், சுண்ணக்கட்டியால் கோடு போடுவார், ரம்பத்தை எடுப்பார். எடுத்த பிறகு அவருடைய கட்டைவிரல் கோட்டைத் தாண்டி ஒரு சாண் நகரும். "இருக்கட்டும்பா, பத்தலைன்னா மறுபடி அலையணும்" என்று சொல்லி அங்கே அறுப்பார். கேட்டவர் கேட்காமலே கொசுறு.

தம்பி கோட்டிலேயே அறுப்பான். அதுகூட இல்லை. ரம்பத்துக்கு ஒரு தடிமன் உண்டல்லவா, அறுக்கும்போது கொஞ்சம் தூளாகக் கொட்டுமே, அந்தத் தூள் வாங்குகிறவன் பக்கத்திலிருந்து கொட்டும்படி ரம்பத்தை வைப்பான். கடைப் பக்கத்துப் பைப்புக்கு ஒரு கீறல்கூட நஷ்டம் கிடையாது. இதை நான் பல வருடம் பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தேன். ஒரு பிளம்பர் மட்டும் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் ஷட்டருக்கு வெளியே நின்று, "பெரியவர் இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

இப்படி ஒரு கை அள்ளிக் கொடுக்க, ஒரு கை கிள்ளி எடுக்க, கடை சரிசமமாக ஓடிக்கொண்டிருந்தது. தம்பிதான் ஒருநாள் கெடுத்தான். அண்ணன் கொசுறாகக் கொடுத்த துண்டுகளையெல்லாம் மனக்கணக்காகக் கூட்டி, "நீங்க இனாமாக் குடுத்ததுல ஒரு வீட்டுக்கு மொட்டை மாடியில இருந்து வாசல் வரைக்கும் தண்ணி விட்டிருக்கலாம்" என்றான்.

"விட்டா என்ன? அந்த வீட்டுக்காரன் நம்ம கடைக்குத்தானே வருவான்?"

"வருவான். கொசுறு வாங்க."

அன்றோடு பேச்சு நின்றது. பிறகு எது சொல்வதானாலும் என் வழியாகத்தான். கடையைப் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. அந்த முடிவையும் நான்தான் அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் சுமந்தேன்.

சாமான் பிரிப்பதில் தகராறு இல்லை. பைப்புக்குப் பைப்பு, கூடைக்குக் கூடை. நடுவில் ஒரு சுவர் எழுப்பினால் முன்பக்கம் ஒருவருக்கு, பின்பக்கம் ஒருவருக்கு. முன்பக்கத்துக்குச் சாலை, பின்பக்கத்துக்குக் குப்பை வண்டி. பின்பக்கத்தை எடுத்துக்கொள்ள இரண்டு பேருக்கும் பைத்தியமா பிடித்திருக்கிறது?

காசு சுண்டிப் பார்க்கலாம் என்றேன். யாருடைய காசைச் சுண்டுவது என்பதில் நின்றது. சீட்டுக் குலுக்கலாம் என்றேன். சீட்டை எழுதுவது யார், மடிப்பது யார் என்பதில் நின்றது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். கல்லா முன்பக்கத்துக்கு. கல்லாவோடு நான். பிரிந்த பிறகு ஒருவர் வாசற்படியை மற்றவரோ, மற்றவரைச் சேர்ந்தவர்களோ மிதிப்பதில்லை என்றும் பேச்சு. அதாவது முன்பக்கம் யாருக்கு விழுகிறதோ அவருக்கு நான் உண்டு, மற்றவருக்கு இல்லை. என்னை யாரும் கேட்கவில்லை. மேசையையும்தான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்? ஒருத்தர் என்னைத் தூக்கி வளர்த்தவர். ஒருத்தன் நான் தூக்கி வளர்த்தவன்.

யாருக்கு எந்தப் பக்கம் என்று முடிவாகும் முன்பே கொத்தனார் வந்துவிட்டார். சுவர் எங்கே என்பதில் சந்தேகம் இல்லையாதலால் காலையிலேயே ஆரம்பித்து, மதியத்துக்குள் என் தலைக்கு மேல் ஒரு முழம் உயர்த்திவிட்டார். என் நாற்காலியின் முதுகை உரசிக்கொண்டு ஈரச் சுவர். ஓர் ஓரத்தில் மட்டும் ஆள் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தார், மறுநாள் அடைப்பதற்கு. திரும்பிப் பார்த்தால் இனி முற்றம் தெரியாது. செங்கல்தான் தெரியும்.

சாயங்காலம் பரணைக் காலி செய்தபோது பீரங்கி கிடைத்தது.

அதைப் பீரங்கி என்று சொல்வது மரியாதைக்காக. கடையை ஏற்றுக்கொண்ட புதிதில், யாரும் வாங்காத அளவில் ஒரு கட்டுப் பைப்பு வந்து தலையில் விழுந்தது. அதில் ஒரு தடித்த துண்டையும் ஒரு நீளமான துண்டையும் சேர்த்து இருவரும் செய்தார்கள். நீளத்துண்டின் வாயில் ஓர் உருளைக்கிழங்கு. தடித்த துண்டின் வயிற்றுக்குள் சலூனில் தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே. பின்னால் மூடி. அடுப்பு லைட்டரைச் சொடுக்கினால் உள்ளே புகை பற்றி, கிழங்கு பறக்கவேண்டும். தண்ணீர் போகச் செய்த பைப்பு அது, வெடி தாங்கச் செய்ததல்ல. என்றைக்கு யார் முகத்தில் சிதறும் என்று சொல்லமுடியாது. இது எங்களுக்குத் தெரியாதா, நாங்களே அதை விற்பவர்கள். ஆனாலும் செய்தார்கள். அது ஒரே ஒரு தடவை வெடித்தது. முற்றத்தின் கடைசியில் சாய்த்துவைத்திருந்த தகரத்தில் கிழங்கு பட்டு, தெருவே எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு என்ன செய்தும் வெடிக்கவில்லை. பரணில் போட்டார்கள்.

"தங்கச்சி, அவன்கிட்ட சொல்லு. அன்னிக்கு இதைச் சுட்டது நான்."

"அக்கா, அவர்கிட்ட சொல்லு. சொடுக்கினது வேணா அவரா இருக்கலாம். ஸ்ப்ரே அடிச்சது நான்."

"ரெண்டு பேரும் ரெண்டடி தள்ளித்தான் நிக்கிறீங்க. எனக்குத் தபால் கூலி யார் குடுப்பா?" என்றேன்.

கை கழுவிக்கொண்டிருந்த கொத்தனார் தலையைத் தூக்கினார். "அப்ப இன்னொரு தடவை சுட்டுப் பாத்துட வேண்டியதுதானே? தகரத்துல யார் அடிக்கிறாங்களோ அவருக்கு முன்பக்கம். எனக்கும் எந்தப் பக்கத்துக் கூலியை யார்கிட்ட வாங்கணும்னு தெரிஞ்சுரும்."

வியாபாரத்தில் நாங்கள் எத்தனையோ பேரம் பார்த்திருக்கிறோம். இதைவிட மட்டமான ஒன்றுக்கு இரண்டு பேரும் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டி நான் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும், அன்றைக்கு அது தன்னால்தான் வெடித்தது என்று நிச்சயம்.

ஆளுக்கு மூன்று வாய்ப்பு. தகரத்தில் படவேண்டும். இருவருக்கும் பட்டால் சத்தம் பெரிதாக வந்தவருக்கு. இருவருக்கும் படாவிட்டால் என்ன என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

காய்கறிக்காரம்மாவிடம் ஆறு கிழங்கு வாங்கப் போனேன். "மீந்தா திருப்பி எடுத்துக்கணும்" என்றேன்.

"கிழங்கு வாங்கித் திருப்பிக் குடுக்கிற ஒரே குடும்பம் உங்களுது. சமைக்கவா, சாமிக்கா?"

"சண்டைக்கு."

"அப்ப உருண்டையா பாத்து எடு" என்று அவளே பொறுக்கித் தந்தாள்.

சலூன்காரரிடம் பாதி தீர்ந்த ஸ்ப்ரே டப்பா ஒன்றை அண்ணன் வாங்கிவந்தார். தம்பி அதை வாங்கிக் காதோரம் குலுக்கிப் பார்த்துவிட்டு, "முக்கால்வாசி காலி. முழு விலையா குடுத்தாரு, கேளு அக்கா" என்றான். லைட்டர் என் அடுப்படியிலிருந்து வந்தது.

பைப்பு அறுக்கும் ஸ்டாண்டை முற்றத்தில் போட்டு, அதன்மேல் பீரங்கியைத் தகரம் பார்க்க வைத்தார்கள். கொத்தனார் மிச்சச் செங்கல் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, தலையை மட்டும் வெளியே வைத்திருந்தார்.

முதல் முறை அண்ணனுடையது. கிழங்கைத் திணித்தார். பின் மூடியைக் கழற்றி, ஸ்ப்ரேயை உள்ளே நீட்டி, அளவாகத்தான் அடித்தார். விரலை எடுத்தார். எடுத்த விரல் சும்மா இருக்கவில்லை. பைப்பு அறுக்கும்போது கட்டைவிரல் நகருமே, அதே நகர்வு. இன்னொரு நீண்ட அழுத்து. "இருக்கட்டும்" என்று வேறு சொன்னார். யாரிடம் சொன்னார்? எதிரில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. பீரங்கிக்கும் கொசுறு.

மூடியை இறுக்கிச் சொடுக்கினார். லைட்டர் சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. மறுபடி சொடுக்கினார். முற்றம் முழுவதும் கல்யாண வீட்டு வாசம்.

"என்ன அக்கா, மாப்பிள்ளை அழைப்பா?" என்றான் தம்பி.

குச்சியால் கிழங்கைத் தள்ளி எடுத்து, பைப்பை இரு பக்கமும் திறந்து உதறிவிட்டுத் தம்பியிடம் கொடுத்தார்கள். அவன் வேறு கிழங்கு திணித்து, டப்பாவை ஒரே ஒரு தடவை 'சுக்' என்று அமுக்கினான். அதையும் நடுவிலேயே நிறுத்திக்கொண்டான். கரப்பான்பூச்சிக்கு மருந்து அடிக்கிறவன்கூட அதைவிடத் தாராளமாக அடிப்பான்.

சொடுக்கினான். உள்ளே யாரோ தும்மிய மாதிரி ஒரு சத்தம். கிழங்கு மெல்ல நகர்ந்து, பைப்பின் வாயிலிருந்து எட்டிப் பார்த்து, ஸ்டாண்டின் காலடியில் தொப்பென்று விழுந்தது.

"வெளிய வந்துச்சுல்ல?" என்றான் தம்பி.

"பால் பல்லு விழுந்த மாதிரி விழுந்துச்சு" என்றார் கொத்தனார், செங்கலுக்குப் பின்னாலிருந்து.

தம்பி கிழங்கைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டான், அடுத்த முறைக்கு அதுவே போதும் என்று.

இரண்டாவது முறை அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, விரல் தாண்டிப் போயிடாம என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கோ."

"அதெல்லாம் செல்லாது" என்று தம்பி குதித்தான். "அக்கா யார் பக்கமும் கிடையாது."

நான் நகரவில்லை. அண்ணன் தன் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவர் மனதில் ஓடியது வேறு: முதல் தடவை பற்றவில்லையென்றால் போட்டது போதவில்லை என்றுதானே அர்த்தம். எந்தக் கடையிலும் அதுதானே கணக்கு. அதனால் அதே கிழங்கை மறுபடி திணித்து, முதலைவிட அதிகமாக அடித்து, அதற்கு மேல் வழக்கமான கொசுறையும் சேர்த்தார். லைட்டர் மட்டும் பேசியது.

தம்பியின் கணக்கும் வேறு கடையிலிருந்து வரவில்லை. கொஞ்சம் போட்டதற்கே கிழங்கு வெளியே வந்தது. அப்படியானால் கூடப் போடுவது வீண். பழையபடி 'சுக்'. பழையபடி தொப்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டிருந்தது. புரிந்தது என்றால் பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. என் அடுப்பு ஒரு சமயம் மஞ்சளாக எரிந்து பாத்திரமெல்லாம் கரி பிடித்தது. அடுப்பு பழுது பார்ப்பவர் வந்து கேஸைத் தொடவே இல்லை. அடியில் காற்று போகும் வளையத்தைக் கொஞ்சம் திருகினார். நீலமாக எரிந்தது. தீ என்பது இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் கடை. ஒரு கூட்டாளிக்கு விலை இருக்கிறது, டப்பாவில் வருகிறார், எல்லோரும் அவரையே எண்ணுகிறார்கள். இன்னொருவர் சும்மா வருகிறார், அவரை யாரும் எண்ணுவதில்லை. அண்ணன் அடித்த ஸ்ப்ரே உள்ளே இருந்த காற்றையெல்லாம் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டது. தம்பி அடித்தது, இருந்த காற்றுக்குத் தொட்டுக்கொள்ளக்கூடக் காணவில்லை.

அது வெடித்த அந்த ஒரு நாளும் எனக்கு ஞாபகம் இருந்தது. இருவரும் மாறி மாறி அடித்துத் தீர்த்துவிட்டு, லைட்டரைச் சொடுக்குவது யார் என்று மூடியைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு டீ குடிக்கும் நேரம் சண்டை போட்டார்கள். திறந்த வயிற்றுக்குள் அதற்குள் காற்று புகுந்திருக்கும். அன்று சுட்டது அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.

இதை நான் யாரிடம் சொல்வது? அண்ணன் காதில் போட்டால் அவருக்கு முன்பக்கம், தம்பி சந்துக்குப் போவான். தம்பி காதில் போட்டால் அண்ணன் போவார். இருவரிடமும் சொன்னால் இரண்டு கிழங்கும் தகரத்தில் படும். சத்தத்தை அளக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றேன். எங்கள் குடும்பத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கு நல்ல பேரம் என்று பெயர்.

மூன்றாவது முறை அண்ணன் டப்பாவையே கவிழ்த்தார். சொடுக்கினார், சொடுக்கினார், கட்டைவிரல் சிவக்கும்வரை சொடுக்கினார். பிறகு என்னதான் நடக்கிறது என்று பார்க்க, பீரங்கியைத் தூக்கி அதன் பின்முனை வெளிச்சத்துக்கு வரும்படி திருப்பி வைத்தார். மூடியைக் கழற்றிக் கீழே எறிந்துவிட்டு உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. வாசத்தினாலோ, வேறு எதனாலோ.

தம்பிக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. "எதுலயும் அளவு தெரியாது. கடையை இப்படித்தானே நடத்தினீங்க."

"நீ நடத்தினதை நான் பாக்கலையா? ரம்பத்தூளுக்குக் கூட அடுத்தவன் பைப்பைத் திங்கிறவன் நீ!"

தம்பியின் முகம் மாறியது. அது அண்ணனுக்குத் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். "தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"தெரிஞ்சுதான் ஒரு சாண் சேத்துக் குடுத்தேன். நீ எடுத்ததை யாராவது திருப்பிக் கட்ட வேணாமா?"

"நான் எடுத்தது நூலளவு. நீங்க கட்டினது முழக்கணக்கு. வட்டியா அது?"

"ஆமா, வட்டி. உன் பேருக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னு கட்டின வட்டி."

நேருக்கு நேர் பேசினார்கள். என்னைக் கடந்து, என் தலைக்கு மேல், 'சொல்லு தங்கச்சி'யும் இல்லாமல், 'கேளு அக்கா'வும் இல்லாமல். நான் குறுக்கே போகவில்லை. பெரியம்மா வீட்டு விசேஷத்தில் யார் அதிக மொய் வைத்தது, யார் எந்தப் பிளம்பரை விரட்டியது என்று சண்டை எங்கெங்கோ போய்ச் சுற்றியது. கொத்தனார் செங்கல்மேல் வசதியாகச் சாய்ந்துகொண்டார். முற்றத்தில் காற்று நன்றாக வீசியது. மூடி தரையில் கிடந்தது. பீரங்கியின் வயிறு 'ஆ'வென்று திறந்து கிடந்தது.

கடைசியில் மூச்சு வாங்கத் தம்பி நிறுத்தினான். இன்னும் அவனுக்கு ஒரு வாய்ப்பு பாக்கி. டப்பாவை எடுத்து உள்ளே நீட்டியவன், மோந்து பார்த்துவிட்டு நிறுத்தினான். முகத்தில் ஒரு வெளிச்சம். மலிவான சரக்கு கண்ணில் பட்டால் அவனுக்கு வரும் வெளிச்சம்.

"இவர் போட்டதே இன்னும் உள்ள இருக்கு. எதுக்கு வீணா?" என்றான். எட்டிப் பார்த்தான். "கிழங்கும் இவருதே இருக்கு."

இனாம் ஸ்ப்ரே, இனாம் கிழங்கு. மூடியை எடுத்து இறுக்கினான். பிறகுதான் எனக்கு உறைத்தது. பீரங்கியின் பின்பக்கம் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வாய், திறந்து கிடந்த இரட்டைக் கதவு வழியாகக் கடைக்குள் பார்த்துக்கொண்டிருந்தது.

"டேய், வாயைத் திருப்பி வை!" என்று கத்தினேன்.

"திருப்பறேன் அக்கா. லைட்டர் கெட்டுப் போச்சான்னு சும்மா ஒரு..."

சொடுக்கினான்.

மொட்டை மாடியிலிருந்து தண்ணீர்த் தொட்டி விழுந்தால் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. ஸ்டாண்டு பின்வாங்கி அவன் வயிற்றில் இடித்தது. கடைக்குள் ஏதோ சரிந்தது. செங்கலுக்கு மேல் தெரிந்த கொத்தனாரின் தலை காணாமல் போயிற்று. பிறகு கடையின் முன்பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"பெரியவரே... ஒரு எல்போதானே கேக்க வந்தேன். இதுவும் கொசுறா?"

ஓடிப்போய்ப் பார்த்தோம். ஈரச் சுவரில் ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியாக மேசை தெரிந்தது, சாலை தெரிந்தது, மேசைக்கு அந்தப் பக்கம் பிளம்பர் தெரிந்தார். சட்டையெங்கும் மசித்த உருளைக்கிழங்கு, தலையில் சிமெண்டுத் தூள், உடம்பில் காயம் ஒன்றும் இல்லை. மூன்று செங்கல் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நான் அங்கே இருந்திருந்தால் அவற்றுக்கு உட்கார இடம் கிடைத்திருக்காது. முதலில் என் பிடரியில் தங்கியிருக்கும். அண்ணன் அதைப் பார்த்தார். தம்பியும் பார்த்தான். தம்பிதான் அந்தச் செங்கலை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தான். அண்ணன் தன் துண்டால் நாற்காலியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

பிறகு இருவருக்கும் உயிர் வந்தது.

"ஸ்ப்ரே என்னுது. கிழங்கு என்னுது. வெடிச்சது என் பீரங்கி" என்றார் அண்ணன்.

"சொடுக்கினது யாரு? என் முறையில வெடிச்சது, என் கணக்கு" என்றான் தம்பி.

"தகரத்துல படலையே" என்றேன்.

"சொவத்துல பட்டுச்சே" என்றார் கொத்தனார், பின்னாலிருந்து வந்தபடி. ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "நாளைக்கு இதைப் பூசணும். யார் சுட்டதுன்னு சொல்லுங்க, அவர்கிட்ட வாங்கிக்கிறேன்."

அண்ணன் தொண்டையைச் செருமினார். "சொடுக்கினது அவன்தானே."

"உள்ள இருந்த மருந்து அவரோடது. நான் ஒரு சொட்டு போடலை. கிழங்குகூட அவருது."

"உன் முறைன்னு நீதானே சொன்னே?"

"உங்க பீரங்கின்னு நீங்கதானே சொன்னீங்க?"

பிளம்பர் சட்டையிலிருந்து கிழங்கை வழித்துக்கொண்டே எல்போவுக்கு விலை கேட்டார். யாரும் சொல்லவில்லை. அவரே கூடையில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் கொத்தனாரைச் சுவரின் அந்தப் பக்கம் அழைத்துப் போனேன்.

"இதை மூட எவ்வளவு ஆகும்?"

"அரை நாள் வேலைம்மா. அரைக் கூலி போதும்."

"சுத்துல எல்லாம் ஆடிப் போச்சு, மொத்தமா இடிச்சுக் கட்டணும், அஞ்சு நாளாகும்னு சொல்ல எவ்வளவு?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது பொய்யாச்சேம்மா."

"அதான் விலை கேக்கறேன்."

"பொய்க்கு ஒரு முழு நாள் கூலி."

"உண்மைக்கே அரைக் கூலின்னீங்க. பொய்க்கு இன்னும் குறைச்சலாத்தான் இருக்கணும். உடம்பு வலிக்காத வேலை."

"நாக்கு வலிக்கும்மா."

முக்கால் கூலியில் முடித்தேன். பாதி கையில், பாதி ஒரு மாதம் ஓட்டை திறந்தே இருந்தால். முடித்த பிறகு, என்னையறியாமல் கூடையிலிருந்து ஒரு மூடியை எடுத்து, "இருக்கட்டும்" என்று அவர் கையில் வைத்தேன். கொடுத்த என் கை யாருடையது என்று அப்போதுதான் தெரிந்தது.

கொத்தனார் கெட்டிக்காரர். சுவரை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கி, ஐந்து நாளை ஆறாக்கிச் சொன்னார். அந்தக் கூலியைக் கேட்ட தம்பி சுண்ணக்கட்டியைவிட வெளுத்தான். அண்ணன் கொடுக்கக்கூடியவர்தான், ஆனால் கொடுத்தால் சுவரைக் கெடுத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே. கை பைக்குள் போய் வெறுங்கையாகத் திரும்பியது. என் நினைவில் அது கொசுறில்லாமல் திரும்பியது அந்த ஒரு தடவைதான்.

தகரத்தில் யாருக்கும் படாததால் முன்பக்கம் யாருக்கும் போகவில்லை. இப்போதைக்கு, காலையில் முதலில் வந்து ஷட்டரைத் திறப்பவருக்கு அன்றைக்கு முன்பக்கம். இதனால் கடை பால்காரர் வருவதற்கு முன்பே திறந்துவிடுகிறது. வியாபாரம் கூடியிருக்கிறது. சுவரின் ஓரத்து இடைவெளியை அடைக்க வேண்டுமென்றால் அந்த ஓட்டையையும் அடைக்க வேண்டும் என்று கொத்தனார் சொல்லிவிட்டதால் அதுவும் அப்படியே இருக்கிறது. நான் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் இருப்பவர் சில்லறை வேண்டுமென்றால் ஓட்டை வழியாகக் கையை நீட்டுகிறார். முகம் தெரியாவிட்டாலும் கையைப் பார்த்தே எனக்குத் தெரியும். ஒன்று சில்லறையை எண்ணி வாங்கும். ஒன்று எண்ணாமல் மூடிக்கொள்ளும். பேச்சு இன்னும் பாதி என் வழியாகத்தான். மீதிப் பாதி ஓட்டை வழியாக.

கணக்கு இப்படி நிற்கிறது. கிழங்கு வாங்கியது ஆறு. காய்கறிக்காரம்மா திருப்பி எடுத்துக்கொண்டது நான்கு. தம்பியின் கிழங்கு தலை வாருகிற வாசம் அடிக்கிறது என்று அவள் தொடவில்லை, அது என் மேசையில் காகிதம் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று சுவர் வழியாகப் போனது. எல்போ ஒன்று, விலை வரவில்லை. பிளம்பரின் சட்டையோடு நேர் செய்தாயிற்று. செங்கல் மூன்றில் இரண்டு முழுசு, ஷட்டருக்கு அண்டக் கொடுத்திருக்கிறோம்; மூன்றாவது உடைசல். மூடி ஒன்று, என் கொசுறு, எழுதவில்லை. கொத்தனாருக்குப் பாதி கொடுத்தது, பாதி மாதக் கடைசியில். காற்று, ஒரு டீ குடிக்கும் நேரத்துக்கு, இரண்டு தடவை. யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை. பாக்கி.